பத்து லட்சம் டாலரும் ஒரு போன் காலும்

போன இதழில் 1993-ல் வந்த 'இன்டீசன்ட் ப்ரொபோசல்' படத்தைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், இவை சினிமாப் பகுதிக்கு வந்தவையா, நான் முப்பது வருஷம் வேலை பார்த்த பேங்கின் கடன் பிரிவுக்கு வந்தவையா என்று சந்தேகமாக இருக்கிறது. படம் பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். டேவிட், டயானா என்று ஓர் இளம் தம்பதி, கழுத்து வரை கடன். கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிக்குப் போய் அதையும் விடுகிறார்கள். அங்கே ஜான் கேஜ் என்கிற பெரும் பணக்காரர், டயானா ஒரே ஒரு ராத்திரி தன்னோடு இருந்தால் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்கிறார். இரண்டு பேரும் யோசித்துச் சம்மதிக்கிறார்கள். பணம் வருகிறது, கல்யாணம் உடைகிறது. வுடி ஹாரல்சன், டெமி மூர், ராபர்ட் ரெட்ஃபோர்டு நடிக்க, அட்ரியன் லைன் இயக்கிய படம். இனி உங்கள் கேள்விகள்.

பேங்க் மேனேஜராக இருந்தவர் நீங்கள். அந்த டேவிட்–டயானா உங்களிடம் வந்திருந்தால் லோன் கொடுத்திருப்பீர்களா மேடம்?
*– வாசகர், திண்டுக்கல்*

மாட்டேன். அவர் கட்டடம் வரையும் ஆர்க்கிடெக்ட். அந்தப் பெண் வீடு விற்றுக் கொடுக்கும் புரோக்கர். பார்த்தால் இரண்டு சம்பளம். ஆனால் இரண்டும் ஒரே குழாயில் வருகிற தண்ணீர். வீட்டுச் சந்தை படுத்தால் இரண்டும் ஒரே மாதத்தில் நின்றுவிடும். அப்படித்தான் ஆகிறது. அமெரிக்காவில் 1990 ஜூலை முதல் 1991 மார்ச் வரை பொருளாதார மந்தம். நாட்டின் மற்ற பகுதிகள் எழுந்த பிறகும் தெற்குக் கலிஃபோர்னியா எழவில்லை. பனிப்போர் முடிந்ததும் அங்கிருந்த ராணுவ விமானத் தொழிற்சாலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின, வீட்டு விலை வருஷக்கணக்கில் இறங்கியது. இந்த ஜோடி சரியாக அந்த நேரத்தில்தான் சாண்டா மோனிகாவில் கடல் பார்த்த நிலத்தை வாங்கிப்போட்டுக் கனவு வீடு கட்டக் கிளம்புகிறது. டேவிட்டுக்கு வேலை போகிறது. டயானாவிடம் வீடு வாங்க ஆள் வரவில்லை.

நிலம் தப்ப 50,000 டாலர் வேண்டும். வேகாஸில் முதல் நாளே 25,000 ஜெயிக்கிறார்கள். பாதி வந்துவிட்டது! அந்தப் பாதியோடு ஊருக்குத் திரும்பி, பேங்கில் கட்டிவிட்டு, மீதிக்கு அவகாசம் கேட்டிருக்கலாம். பாக்கியில் பாதியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் வருகிறவரை நான் திருப்பி அனுப்பியதே இல்லை. டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இவர்கள் மறுநாளும் மேஜைக்குப் போய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கேஜ் கண்ணில் படுகிறார்கள்.

அப்புறம் நடப்பதுதான் என்னை அசரவைத்தது. பத்து லட்சத்தோடு ஊர் வந்தால் நிலம் கைவிட்டுப் போயிருக்கிறது. யார் வாங்கியது? பிறகு தெரியவருகிறது, அதே கேஜ். எதற்காக அந்த ராத்திரிக்குத் தலையாட்டினார்களோ அதுவே இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பேங்குக்கு ஒரு போன் போட்டு, "எங்கள் கணக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கணவன் மனைவி இருவரும் விடிய விடியப் பேசுகிறார்கள், கற்பு பற்றி, அன்பு பற்றி, உடம்பு வேறு மனசு வேறு என்பது பற்றி. கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நீங்களாக இருந்தால் சம்மதித்திருப்பீர்களா?
*– வாசகர், பெயர் வேண்டாம் என்கிறார், சென்னை*

பெயர் வேண்டாம் என்று எழுதுகிறவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "ரவுண்டாகப் பத்து லட்சம்தானா, டி.டி.எஸ். பிடித்தம் போகவா?" என்றார். அவரும் பேங்க்.

அந்த ஒப்பந்தம் கோர்ட்டில் செல்லுமா?
*– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை*

செல்லாது. நம் நாட்டில் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், பிரிவு 23. ஒழுக்கக்கேடான நோக்கத்துக்கோ பொது நலனுக்கு விரோதமாகவோ போட்ட ஒப்பந்தம் வெறும் காகிதம். இங்கிலாந்தில் 1866-லேயே பியர்ஸ் எதிர் ப்ரூக்ஸ் என்று ஒரு வழக்கு உண்டு, உங்கள் பாடத்தில் வந்திருக்கும். விலைமாது என்று தெரிந்தே, தொழிலுக்கு என்று தெரிந்தே குதிரை வண்டி கொடுத்தவர்கள் வாடகை பாக்கியைக் கேட்டு வந்தார்கள். கோர்ட் கையை விரித்துவிட்டது. கலிஃபோர்னியாவில் 1976-ல் நடிகர் லீ மார்வின் மேல் அவரோடு சேர்ந்து வாழ்ந்த பெண் போட்ட வழக்கில், கல்யாணம் ஆகாதவர்களுக்கு இடையிலான ஒப்பந்தமும் செல்லும், ஆனால் உடலுறவையே விலையாக வைத்த ஒப்பந்தம் செல்லாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது. லாஸ் வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) விபசாரமே சட்டவிரோதம். அந்த நெவாடா மாநிலத்தின் சில சின்னக் கவுன்ட்டிகளில்தான் அனுமதி.

படத்தில் வரும் வக்கீல் நண்பனுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? அவன் ஆத்திரப்படுவது வேறு விஷயத்துக்கு. என்னைக் கேட்காமல் எப்படிப் பேரம் பேசினாய், இரண்டு மில்லியன் வாங்கிக் கொடுத்திருப்பேனே என்கிறான். தியேட்டரே சிரித்தது. எனக்கு அந்தப் படத்தில் ரொம்பப் பிடித்த ஆள் அவன்தான்.

இன்னொன்று, வரி. அமெரிக்காவில் தப்பான வழியில் வந்த வருமானத்துக்கும் வரி உண்டு. அந்த ஊர் தாதா அல் கபோனை 1931-ல் உள்ளே தள்ளியதே வரி வழக்கில்தான். 1993-ல் அங்கே உச்ச வரி விகிதத்தை 39.6 சதவிகிதமாக உயர்த்தினார்கள், மாநில வரி தனி. பத்து லட்சத்தில் கிட்டத்தட்ட பாதியை மறந்துவிட வேண்டியதுதான்.

1993-ல் பத்து லட்சம் டாலர் நம் பணத்தில் எவ்வளவு?
*– வாசகர், ராஜபாளையம்*

அன்றைக்கு டாலர் சுமார் 31 ரூபாய். மூன்று கோடியே பத்து லட்சத்தை ஒட்டி.

ஜெயித்த நோட்டுகளைப் படுக்கையில் கொட்டி, அதன் மேல் புரளும் காட்சியைப் பார்த்து என் மாமியார் எழுந்து போய்விட்டார். உங்களுக்கு எப்படி இருந்தது?
*– வாசகி, கும்பகோணம்*

காசு காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர்க்காரர் உங்கள் மாமியார். அவரைக் குறை சொல்லாதீர்கள். நான் எழுந்து போகவில்லை, எந்த நோட்டாவது கிழிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை புத்தி.

ஆனால் படத்திலேயே உருப்படியான காட்சி அது. அந்த 25,000 அவர்கள் ஜெயித்தது. இருவரும் சிரிக்கிறார்கள், நோட்டு முதுகில் ஒட்டுகிறது, நாளைய கவலை இல்லை. பிற்பாடு வரும் பத்து லட்சத்தை இப்படி யாரும் தொட்டு விளையாடுவதே இல்லை. ஒரு சட்டை வாங்குவதில்லை, ஒரு நல்ல சாப்பாடு சாப்பிடுவதில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. வசனம் எதுவும் இல்லாமல் அட்ரியன் லைன் இதைச் சொல்லிவிட்டார். சொல்லத் தெரிந்தவர்தான். இரண்டாம் பாதியில் மட்டும் ஏன் அவ்வளவு சொதப்பினார் என்பதுதான் புரியவில்லை.

தருமர் பாஞ்சாலியைப் பணயம் வைத்ததும் இதுவும் ஒன்றுதானே?
*– புலவர் ஒருவர், சிதம்பரம்*

ஐயா, பாதி ஒன்று. இங்கேயும் பகடை உண்டு. கேஜ் முதலில் டேவிட்டிடம் கேட்பது பத்து லட்சப் பேரத்தை அல்ல. "உங்கள் மனைவியைக் கொஞ்சம் கடனாகத் தர முடியுமா? அதிர்ஷ்டத்துக்கு" என்கிறார். பத்து லட்சம் டாலர் வைத்து ஓர் உருட்டு. டயானா பகடையை வீச, கேஜ் ஜெயிக்கிறார். டேவிட் பக்கத்தில் நின்று கைதட்டுகிறான். என் கணக்கில் அந்தக் கல்யாணத்தின் முதல் தவணை அங்கேயே தவறிவிட்டது. ராத்திரிப் பேரம் எல்லாம் அதன் மேல் ஏறிய வட்டி.

மீதிப் பாதி வேறு. பாஞ்சாலியை யாரும் கேட்கவில்லை. அவள் சபைக்கு வந்து கேட்டது சட்டக் கேள்வி, தன்னை இழந்தவருக்கு என்னை வைக்க என்ன உரிமை என்று. டயானாவை எல்லோரும் கேட்கிறார்கள். அவளே சரி என்கிறாள், டேவிட்டுக்காகச் செய்கிறேன் என்கிறாள். அதுதான் சிக்கல். இருவரும் சேர்ந்து எடுத்த முடிவென்றால் கோபித்துக்கொள்ள ஆளில்லை, கோபம் மட்டும் இருக்கிறது.

எனக்கு இந்தப் படம் பார்க்கும்போது நினைவுக்கு வந்தவள் கண்ணகி. சொத்தையெல்லாம் தொலைத்துவிட்டு வந்த கோவலன், இந்த வறுமை எனக்கு வெட்கமாக இருக்கிறது என்கிறான். அவள் சொன்னது இரண்டே வார்த்தை: "சிலம்புள கொண்ம்." இருப்பு இவ்வளவு, எடுத்துக்கொள்ளுங்கள். கையிருப்பைப் புருஷனிடம் நேராகச் சொன்ன பெண். அதன் பிறகு மதுரையில் நடந்ததற்கு அவள் பொறுப்பில்லை.

இந்தக் கதையைத் தமிழில் யாரும் எடுக்கவில்லையா?
*– வாசகர், ஈரோடு*

இதை அப்படியே அல்ல, தலைகீழாக எடுத்தார்கள். 1994-ல் தெலுங்கில் எஸ்.வி. கிருஷ்ணா ரெட்டி இயக்கிய 'சுபலக்னம்': ஜெகபதி பாபு, ஆமனி, ரோஜா. 1996-ல் அதைத் தமிழில் கேயார் 'இரட்டை ரோஜா' என்று எடுத்தார். ராம்கி, ஊர்வசி, குஷ்பு, இசை இளையராஜா. 1997-ல் இந்தியில் 'ஜுதாயி': அனில் கபூர், ஸ்ரீதேவி, ஊர்மிளா. மூன்றிலும் பணக்காரப் பெண் ஒருத்தி கல்யாணமான ஆண் மேல் ஆசைப்படுகிறாள். மனைவி பணத்தை வாங்கிக்கொண்டு புருஷனை விட்டுக்கொடுக்கிறாள். தெலுங்கில் விலை ஒரு கோடி, மூன்று வருஷம் கழித்து இந்தியில் இரண்டு கோடி. பணவீக்கம் அப்போது கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் இவ்வளவா?

நம் ஊரில் ஒரு ராத்திரி என்று எடுக்க முடியாது. அதனால் முறைப்படி கல்யாணம். தாலி கட்டிவிட்டால் எல்லாம் சுத்தம். ராத்திரிக்கு முகம் சுளித்திருக்கும் ஜனங்கள், முழு ஆயுளுக்கு விற்றதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்கள், குழந்தைகளுக்கு முறுக்கு கொடுத்துக்கொண்டே.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அமெரிக்கத் தம்பதிக்குக் கடன் இருந்தது. நம் கதையில் கடன் இல்லை, ஆசை இருக்கிறது. அதுவும் மனைவிக்கு மட்டும். 1991-ல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு கடைத்தெருவில் கலர் டி.வி.யும் வாஷிங் மெஷினும் வந்து குவிந்த காலம். பக்கத்து வீட்டில் வந்தால் நம் வீட்டிலும் வேண்டும் என்று ஆணுக்கும் தோன்றியது. தவணைக்கு ஸ்கூட்டர் கேட்டு என்னிடம் வரிசையில் நின்றவர்களில் பெண்கள் எத்தனை பேர்? ஆனால் படத்தில் புருஷன் நேர்மையின் சிகரம், மனைவி பேராசைக்காரி, கடைசியில் அழுது திருந்துகிறாள். ஊர்வசியும் ஸ்ரீதேவியும் அந்தப் பாத்திரத்தைச் சிரிப்பாலேயே தூக்கி நிறுத்தினார்கள். இல்லாவிட்டால் உட்கார முடியாது.

என் கணவர் எனக்குத் தெரியாமல் என் நகையை அடகு வைத்து ஆன்லைன் ரம்மியில் விட்டுவிட்டார். "மீட்டுத் தருகிறேன், இனி அதைப் பற்றிப் பேசாதே" என்கிறார். அந்தப் படத்திலும் அப்படித்தான் பேசக் கூடாது என்று முடிவு செய்கிறார்களாமே? நான் என்ன செய்ய?
*– வாசகி, தேனி மாவட்டம்*

தங்கச்சி, ஆமாம். அந்த ராத்திரியைப் பற்றி இனி பேசவே கூடாது என்று டேவிட்டும் டயானாவும் தீர்மானிக்கிறார்கள். எத்தனை நாள் தாங்கும்? அவனே ஆரம்பிக்கிறான். என்ன நடந்தது, எப்படி இருந்தது என்று நச்சரித்து நச்சரித்து அவளை வீட்டை விட்டே அனுப்புகிறான். பேசாதே என்பது மருந்தாகாது.

நகைக் கடன் கவுன்ட்டரில் நான் உட்கார்ந்திருந்த வருஷங்களில், தனியாக வரும் ஆண்கள் வீட்டுப் பெண்களின் நகையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டு வருவார்கள். அப்ரைசர் வளையலை உரைகல்லில் தேய்ப்பார். கறுப்புக் கல்லில் மஞ்சள் கோடு விழும், அதன் மேல் ஒரு சொட்டு ஆசிட். அந்த இடைவெளியில் நான் "வீட்டில் தெரியுமா?" என்று கேட்பேன். "அவதான் மேடம் எடுத்துக் கொடுத்தா" என்று பதில் வரும், கண் மட்டும் மின்விசிறியில் இருக்கும். கேட்க எனக்கு அதிகாரம் கிடையாது, ஆனாலும் கேட்பேன். சில பேர் நகையைத் திருப்பி முடிந்துகொண்டு போயிருக்கிறார்கள். மீட்கிற அன்றைக்கு ஜோடியாக வந்தால், அந்த அம்மா எடைச் சீட்டைப் பார்க்கவே மாட்டார். பையைப் பிரித்ததும் விரல் நேராகத் தோட்டின் பின்பக்கம் போகும், திருகாணி இருக்கிறதா என்று.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. அடகு ரசீதை வாங்கிப் பாருங்கள். பேங்கா, அடகுக் கடையா, எந்தத் தேதி, எவ்வளவு தொகை, வட்டி கட்டியிருக்கிறாரா, கெடு என்றைக்கு? கெடு தாண்டினால் ஏலத்துக்குப் போகும். போகும் முன் நோட்டீஸ் வரும், அதில் எந்த முகவரி என்பதையும் பாருங்கள். வட்டியை மட்டுமாவது கட்டி, கடனைப் புதுப்பிக்க முடியுமா என்று நேரில் போய்க் கேளுங்கள். அவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் கொண்டுவந்த நகை உங்களுடையது. பெண்ணின் சீதனம் அவளுக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. 2024-லும் கணவருக்கு அதில் உரிமை இல்லை, கஷ்டத்துக்கு எடுத்தாலும் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு என்று மறுபடி சொன்னது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமும் போட்டது. ஆனால் சட்டம் வந்ததால் உங்கள் வீட்டுக் கடன் ஓடிப்போகாது. லோன் ஆப்பில் வேறு ஏதாவது வாங்கியிருக்கிறாரா என்பதையும் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். அநேகமாக இருக்கும். ஒரு நோட்டில் எல்லாவற்றையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். மன்னிப்பதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.

கேஜ் வேடத்துக்கு ராபர்ட் ரெட்ஃபோர்டைப் போட்டதே ஏமாற்று என்கிறேன். சரியா?
*– வாசகி, பாளையங்கோட்டை*

நூற்றுக்கு நூறு. 56 வயதில் அந்த மனிதர் இருந்த இருப்புக்கு, பாதித் தியேட்டர் பணமில்லாமலே சம்மதித்திருக்கும். 2025 செப்டம்பரில் காலமானார், ரசிகைகள் கோபிக்க வேண்டாம். தொப்பையும் வெற்றிலைக் கறையுமாக ஒருத்தரைப் போட்டிருந்தால் அது சோதனை. ஜாக் எங்கல்ஹார்ட் எழுதிய மூல நாவலில் கணவன் ஒரு யூதன், பணக்காரர் ஓர் அரபு இளவரசர். அதில் பணத்தோடு வேறு பகையும் இருந்தது. படத்தில் அதையெல்லாம் கழுவித் துடைத்துவிட்டு ரெட்ஃபோர்டை உட்காரவைத்தார்கள்.

பெண்களை இழிவுபடுத்தும் படம் என்று அந்தக் காலத்தில் திட்டினார்களே?
*– வாசகர், கோவை*

திட்டினார்கள். எழுதியது ஏமி ஹோல்டன் ஜோன்ஸ், தயாரித்தது ஷெர்ரி லான்சிங், இருவரும் பெண்கள். லான்சிங் 1980-லேயே ஒரு பெரிய ஹாலிவுட் ஸ்டூடியோவின் தயாரிப்புத் தலைவரான முதல் பெண். பெண்கள் எடுத்தால் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. துணிக்கடையில் டயானா விலை கேட்டு மலைத்து நிற்கும்போது, கேஜ் அந்த உடையை வாங்கித் தருகிறேன் என்பார். உடைதான் விற்பனைக்கு, நான் இல்லை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போவாள். அந்தப் பெண்ணைப் படம் முழுக்க வைத்திருக்கலாம்.

அவ்வளவு மோசமான படம் என்றால் எப்படி ஓடியது?
*– வாசகர், வேலூர்*

உலகம் முழுக்க 26 கோடி டாலருக்கு மேல் வசூல். அதே வருஷத்தின் மிக மோசமான படம் என்று 'ராஸி' பரிசும் வாங்கியது. வெளியே வந்து காரசாரமாகச் சண்டை போட ஒரு கேள்வி கிடைத்தால் ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள். உங்கள் கடிதங்களே சாட்சி.

கடைசியில் அந்தப் பத்து லட்சம் என்ன ஆனது? படத்தின் நடுவில் கரண்ட் போய்விட்டது.
*– வாசகி, அறந்தாங்கி*

நீர்யானைக்குப் போனது. கேலி இல்லை. மிருகக்காட்சிசாலை நிதிக்கு ஓர் ஏலம் நடக்கிறது. டயானா அப்போது கேஜுடன் இருக்கிறாள். டேவிட் உள்ளே வந்து, ஒரு நீர்யானையைத் தத்தெடுக்கும் ஏலத்தில் கையைத் தூக்கி முழுப் பத்து லட்சத்தையும் கேட்டுவிடுகிறான். விவாகரத்துக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறான். அதைப் பார்த்த டயானாவின் மனசு திரும்புவதைக் கேஜ் கவனித்து, அவளாகப் போகட்டும் என்று, இப்படிப் பத்து லட்சம் கொடுத்துக் கூட்டிவந்த பெண்களிலேயே இவள்தான் நம்பர் ஒன் என்று டிரைவரிடம் ஒரு பொய் சொல்லி வழிவிடுகிறார். தம்பதி சேர்ந்துவிடுகிறார்கள். சுபம்.

ஆனால் டேவிட் வேகாஸ் கிளம்பும் முன் தன் அப்பாவிடம் ஐயாயிரம் டாலர் கைமாற்று வாங்கினான். நீர்யானைக்குக் கொடுக்கும்போதாவது அதை எடுத்துத் தனியாக வைத்திருக்கலாம். திருப்பிக் கொடுத்ததாக ஒரு காட்சியும் எனக்குத் தட்டுப்படவில்லை.